மச்சானின் கீச்சு

மச்சான்,

பெட்டியைத் திறந்ததும் மிளகு வாசனைதான் முதலில் வந்தது. மண்டபத்து மாடியில், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்கியது போக மிச்சமிருந்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே வரவேற்புக்கு நாற்காலி போடுகிற சத்தம் கேட்கிறது. தீபா அலங்காரம் முடித்து மேடையேற இன்னும் நேரமிருக்கிறது. அவள் மேடைக்கு நடந்து வரும்போது நான் உங்கள் சாக்ஸபோனை ஊத வேண்டும். உங்கள் மகள் கல்யாணத்தில் நீங்கள் ஊதுவதாகச் சொன்னதை, ஜீப் ஓட்டுகிற நான், பெண்ணின் தாய்மாமன் என்கிற ஒரே தகுதியில் ஊதப் போகிறேன். சும்மா இருந்தால் பெட்டியை மூடி மூடித் திறக்கிறேன். பேனா பிடித்தால் கை அதில் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இந்த மிளகு வாசனை போகவே போகாது போலிருக்கிறது. எத்தனை முறை வெயிலில் காய வைத்துவிட்டேன். ஏற்காட்டு மழையில் சுவரெல்லாம் வியர்க்கிறது, செருப்பெல்லாம் பூசணம் பூக்கிறது, பித்தளை மட்டும் தப்பிக்குமா என்று நீங்கள் கவலைப்பட்ட ஒரே விஷயம் இதுதான். சேலத்து வாத்தியக் கடைக்காரன் ஈரம் உறிஞ்ச ஏதோ சின்னப் பொட்டலம் வாங்கி உள்ளே போடச் சொன்னான். உங்களுக்கா கேட்கும்? "மொளகு இருக்கற எடத்துல பூச்சியும் வராது, ஈரமும் தங்காது மாப்ள. நம்ம ஊட்டுல இல்லாத மொளகா?" என்று காய்ந்த மிளகைத் துணிப்பையில் கட்டி பெட்டிக்குள் போட்டீர்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ரீடுகளையும் அதே பைக்குள் போட்டு வைத்தீர்கள். உதட்டில் வைத்து ஊதுகிற, நாணலைச் சீவிச் செய்த அந்த மெல்லிய பட்டைகளை.

மறுநாள் காலையில் உங்கள் கீழுதடு வீங்கித் தொங்கியது. அக்கா பதறிப் போய், "ஏனுங்க, எந்தக் குளவிங்க கொட்டுச்சு?" என்று கேட்டது. நீங்கள் கண்ணில் நீர் வழிய, "ஆமா, குளவிதான்" என்று சொன்னீர்கள். அக்காவும் நம்பிக்கொண்டு சுண்ணாம்பு தடவிவிட்டது. மிளகு எரிச்சலுக்கு மேல் சுண்ணாம்பு எரிச்சல். என்னிடம் இதைச் சொல்லும்போதே நீங்கள் சிரித்த சிரிப்பில் வீங்கிய உதடு வெடித்து ரத்தம் வந்தது.

எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. ரீடை நாக்கில் வைத்து நனைத்துப் பார்க்கிறேன். லேசாகக் காரம் இருக்கிற மாதிரியே இருக்கிறது. மேல் முன்பல் ஒன்று எனக்குக் கட்டிய பல் என்பது உங்களுக்குத் தெரியும். மவுத்பீஸில் மேல்பல்லை ஊன்றித்தான் ஊத வேண்டும். ஊதும்போது அது கழன்று குழலுக்குள் விழுந்துவிடுமோ என்று ஒரு பயம். சன்னல் வழியாகப் பனி உள்ளே வருகிறது. குழலில் உள்ள மூடிகள் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளுமோ என்று இன்னொரு பயம். கூட்டத்தைப் பார்த்ததும் மெட்டே மறந்துபோகுமோ என்று வேறொன்று. இதெல்லாம் சில்லறை. பெரிய பயம் எது என்று உங்களுக்கே தெரியும். மெட்டின் நடுவில் வருகிற அந்த வளைவு.

"உனக்குப் பயப்படறது சம்பளமில்லாத உத்தியோகம் மாப்ள. ஒரு நாள் லீவு போட மாட்டேங்கற" என்பீர்கள். அக்காவைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து என்னை நீங்கள் கேலி செய்யாத நாள் கிடையாது. கைபிரேக்கை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன், எதிரே வண்டியே வராத வளைவிலும் ஹாரன் அடிப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தீர்கள். மஞ்சக்குட்டையில் ஜீப் ஏறுகிறவர்கள்கூட, "டிரைவரண்ணா, மாட்டுக்கு ஹாரன் அடிச்சீங்களா?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

இந்த வம்பு தொடங்கியதும் என் ஜீப்பில்தான். சேலத்தில் சொந்தக்காரர் வீட்டு வரவேற்புக்குப் போயிருந்தோம். அங்கே ஒருத்தர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு சாக்ஸபோன் ஊதினார். நீங்கள் பந்திக்குக்கூட வராமல் ஸ்பீக்கர் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றீர்கள். திரும்பி மலையேறும்போது பேச்சே இல்லை. மேலே வர வர குளிர் அடித்தது. கடைசி வளைவைத் தாண்டியதும் வாயைத் திறந்தீர்கள்.

"தீபா கண்ணாலத்துக்கு நான் ஊதறேன் மாப்ள."

"மச்சான், உங்களுக்கு விசிலடிக்கவே வராதுங்க."

"ஆள் வெச்சு ஊதறது யாரு வேணாலும் பண்ணலாம். பெத்தவன் ஊதோணும். அது மேடையேறி வரப்ப நான் ஊதோணும்."

நான் சிரித்தேன். ஐம்பதைத் தாண்டிய காப்பித் தோட்டக்காரர், தீபாவுக்கோ அப்போது மாப்பிள்ளை பார்க்கவே தொடங்கவில்லை, இது தூங்கி எழுந்தால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. பேண்டு வாசிக்கிற ஒருத்தரிடம் பழைய சாக்ஸபோனை வாங்கிக்கொண்டு, அவரையே மாஸ்டராகவும் பிடித்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் உங்களைச் சேலத்துக்கு இறக்கிக்கொண்டு போவேன். நீங்கள் மாடியில் ஊதுவீர்கள். நான் கீழே ஜீப்பில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்வேன். மாஸ்டர் உங்களைவிட ரொம்பச் சின்னவர், பொறுமைசாலி. "கன்னத்தை உப்பாதீங்கண்ணா. பல்லால கடிக்காதீங்க. ஒதட்டால புடிங்க" என்று அவர் சொல்வது தெருவரைக்கும் கேட்கும். நீங்கள் கடித்துக்கொண்டே இருந்தீர்கள்.

வீட்டில் ஊதினால் அக்கா சண்டைக்கு வந்ததால் காப்பிப் பழம் அரைக்கிற ஷெட்டுக்குக் குடி போனீர்கள். விடியற்காலையில், பனி மூடியிருக்கும்போது, தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அடித்தொண்டையில் ஒரே சுரத்தை நீளமாக இழுப்பது. மூச்சைப் பழக்க அதுதான் பாடம் என்று மாஸ்டர் சொன்னாராம். பாடம் சரி. பழம் பறிக்க வந்த பெண்களுக்கு அது தெரியாதே. நம் மலையில் காட்டெருமை தோட்டத்துக்குள் வருவது ஒன்றும் புதிதில்லை. அவர்கள் மேல் ரோட்டிலேயே கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் ஜீப்பில் வந்து நின்றபோது ஒரே கூட்டம். ஒரு அம்மா எனக்குச் சொன்னது: "சும்மா மாடு இல்லீங்க. அடிபட்ட மாடாட்ட இருக்குதுங்க. நொம்ப வேதனையில கத்துதுங்க. அதுகிட்ட மட்டும் போகக் கூடாதுங்க." வனத்துறை வாச்சருக்குச் சொல்லியனுப்பி, அவரும் பட்டாசோடு வந்துவிட்டார். தோட்டத்துக்கு மூலைக்கு மூலை வெடி. சத்தம் நின்றுபோனது. நிற்காமல் என்ன செய்யும்? கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து நீங்கள் கையில் மண்வெட்டியோடு ஏறி வந்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்று, வாச்சரைப் பார்த்து, "எந்தப் பக்கமுங்க போச்சு?" என்று கேட்டீர்களே, அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். வாச்சர் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டவும் செய்தார்.

அன்று முழுக்கப் பழம் பறிக்கவில்லை. சாயங்காலம் ஷெட்டில் கோணிச் சாக்குக்கு அடியிலிருந்து சாக்ஸபோனை எடுத்துத் துடைத்தீர்கள். நான் ஷெட்டுக் கதவைச் சாத்தினேன். "கேஸு போட்டுருவாங்க மச்சான்" என்றேன். "என்ன கேஸு? மாடாட்ட ஊதினான்னா?" என்றீர்கள். பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது, யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அதிலிருந்து நீங்கள் தோட்டத்துக்குள் போனால், "மாடு எறங்கிருச்சுங்க" என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள்.

தீபா கல்யாணத்துக்கு என்று நீங்கள் எடுத்துக்கொண்டது அவள் தொட்டிலில் கிடந்தபோது அக்கா பாடிய தாலாட்டு. பத்துப் பன்னிரண்டு சுரம்தான் இருக்கும். ஆனால் அதற்கு நடுவில் ஓரிடம். விரலெல்லாம் எடுத்துத் திறந்த குழலாக இருக்கும் ஒரு சுரத்திலிருந்து, அத்தனை விரலையும் ஒன்றாக மூடி, கட்டைவிரலால் பின்னாலிருக்கும் சாவியையும் அழுத்தி, மேல் சுரத்துக்குத் தாவ வேண்டும். எல்லா விரலும் ஒரே சமயத்தில் விழாவிட்டால், அல்லது பல்லால் கடித்தால், கீச்சென்று ஒரு சத்தம் வரும். கதவிடுக்கில் விரல் மாட்டியவன் கத்துகிற மாதிரி. அதை நீங்கள்தான் இருபதாவது வளைவு என்றீர்கள். "நம்ம ரோட்டுல அப்படித்தான மாப்ள? ஊரு வந்துருச்சுன்னு லேசா இருக்கறப்பதான் கடைசி வளைவு இழுக்கும்."

உங்களுக்கு அது ஒரு தடவைகூடச் சரியாக வந்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை, மச்சான். தாலாட்டு நன்றாக ஏறிப் போகும், அந்த இடம் வரும், கீச். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த வரியைப் பிடிப்பீர்கள். தீபா அப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஷெட்டிலிருந்து சத்தம் தோட்டம் முழுக்க, வீடுவரைக்கும் கேட்கும். கீச் வரும்வரை புத்தகத்தில் பக்கத்தைத் திருப்ப மாட்டாள். வந்ததும், "வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுத் திருப்புவாள். அக்கா அடுப்படியிலிருந்து, "வராம எங்க போவுது" என்று சொல்லும்.

போன ஆவணியில், காப்பி குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தீர்களாம். அவ்வளவுதான். நான் மஞ்சக்குட்டையில் ஆளேற்றிக்கொண்டிருந்தேன். தீபா போன் பண்ணினாள். "மாமா, அப்பா எந்திரிக்க மாட்டேங்கறாருங்க மாமா." ஏறியவர்களை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன். கரடியூரில் உங்கள் வீடு வருகிறவரைக்கும் ஒரு வளைவிலும் நான் ஹாரன் அடிக்கவில்லை. வந்து சேர்ந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. அன்றைக்குப் பார்த்து எதிரில் ஒரு வண்டியும் வரவில்லை.

காரியம் முடிந்த கையோடு பெரியவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "தகப்பன் போன ஊடு. வருசம் திரும்பறதுக்குள்ள புள்ளைக்கு முடிச்சுரோணும். இல்லீன்னா தள்ளிக்கிட்டே போயிரும்." அக்கா தலையை ஆட்டியது. ஏற்கெனவே பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீடுதான், அவர்களும் சரியென்றார்கள். வைகாசிக்குள் என்று முடிவானது. தாய்மாமன் என்ற முறையில் நான் செய்ய வேண்டிய சீர் என்னென்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, தீபா உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் ஜீப்பின் பின் சீட்டில் வைத்தாள்.

"என்ன கண்ணு இது?"

"நீங்க ஊதுங்க மாமா."

"எனக்கென்ன தெரியும் சாமி? சேலத்துல இருந்து ஆளைக் கூட்டிக்கிட்டு வரலாம். அந்த மாஸ்டரே வருவாரு."

"அப்பா ஆள் வேண்டாம்னுதான் சொன்னாரு. ஊட்டு ஆளு ஊதோணும்னுதான் சொன்னாரு. நீங்கதானுங்க இருக்கீங்க."

நீங்களாக இருந்தால் என்னைக் கேலி செய்து தப்பித்திருப்பீர்கள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

முதல் பாடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. புஸ் என்று, பஞ்சரான டயர் மாதிரி. உங்களை எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன் என்பதெல்லாம் அப்போது வரிசையாக நினைவுக்கு வந்தது. அடுத்த வாரம் சத்தம் வந்தது, கூடவே தலை சுற்றியது. மாஸ்டர் மின்விசிறியைப் போட்டுவிட்டு, "மூச்சை மேல புடிக்காதீங்கண்ணா. வயித்துல புடிங்க. ஏன் தோள தூக்கறீங்க? யாரு அடிக்க வராங்க?" என்றார். தோளை இறக்கச் சொன்னது ஒரு பெரிய வேலையாக இருந்தது. முப்பது வருசமாக மலைரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்த தோள். அது இறங்கவே இறங்காது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த முதல் நாள்தான் மாஸ்டர் உங்கள் ரீடைப் பார்த்தார். நீங்கள் கடைசியாக ஊதியபடியே மவுத்பீஸில் மாட்டியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முனையில் ஒரு மூலை உடைந்திருந்தது, அரிசி முனையளவு. "இதுலயா ஊதிக்கிட்டு இருந்தாரு? இது கத்தாம என்னண்ணா பண்ணும்? போன வருசமே தூக்கிப் போடச் சொன்னேன்." நீங்கள் எதைத்தான் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள்? பிய்ந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்ட ஆள். மாஸ்டர் குப்பைக்கூடையைக் காட்டினார். நான் சரியென்று வாங்கி, அவர் திரும்பியதும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புது ரீடு மாட்டினார்.

வீட்டில் ஊதினால் என் வீட்டுக்காரி, "நெத்தி நரம்பு பொடச்சுக்கிட்டு நிக்குதுங்க, தெறிச்சுரப் போகுது" என்று தண்ணீர்ச் செம்போடு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். அவளைப் பார்த்தால் எனக்குப் பயம் இரட்டிப்பாகும். அதனால் ஜீப்பில் ஏறிக் கரடியூர் காட்சிமுனைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே ஊதினேன். சுற்றுலா வந்தவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். உள்ளே மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கி, வெளியே பனி, நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாது. பழம் பறிக்கும் பெண்கள் கடந்து போகும்போது, "ஏனுங்க டிரைவரண்ணா, மாடு ஊடு மாறிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

மார்கழி போனது, தை போனது. மற்றதெல்லாம் ஒரு மாதிரி வந்துவிட்டது. வளைவு மட்டும் வரவில்லை. அந்த இடம் நெருங்கும்போதே தோள் ஏறும், பல் இறுகும், கீச். கனவில்கூட பிரேக் பிடிக்காமல் வண்டி இறங்கும், அது கத்துகிற சத்தம் இந்தக் கீச்சாக இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் முன்னால், மைக்கில், முந்நூறு பேர் நடுவில், அப்பா இல்லாத பெண்ணின் கல்யாணத்தில் அந்தச் சத்தம் வந்தால் என்ன ஆகும்? சனம் சிரிக்கும். தீபா தலைகுனிவாள். அதுதான் என் பயம். வேறெதுவும் இல்லை. சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய் நின்று, வேறு எதையும் கேட்காமல், அந்த ஒரு சுரத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். சாமிக்கு விளங்கியிருக்குமோ என்னவோ.

சித்திரையில் ஒரு நாள் அது வந்தது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேறேதோ யோசித்துக்கொண்டு ஊதினேன், விரலெல்லாம் ஒன்றாக விழுந்தது, சத்தம் வழுக்கிக்கொண்டு மேலே போய் நின்றது. மறுபடி ஊதினேன், மறுபடியும் வந்தது. சந்தோஷத்தில் சாக்ஸபோனைப் பக்கத்து சீட்டில் சாய்த்துவிட்டு, உங்களிடம் சொல்ல வண்டியை உங்கள் வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். தோட்டத்துக் கேட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கேட்டிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் தப்பவில்லை. ஆனால் அது நேற்றுவரை. இன்றைக்கு என்ன என்று யாருக்குத் தெரியும்? கதவைத் தட்டுகிற சத்தம். என் வீட்டுக்காரி. "எல்லாரும் வந்துட்டாங்க, தீபா ரெடியாயிருச்சு, எந்திரிங்க" என்கிறாள். தண்ணீர் குடித்தால் ரீடு நனையுமா, குடிக்காவிட்டால் நாக்கு ஒட்டுமா தெரியவில்லை. போய் வருகிறேன் மச்சான்.

*

கல்யாணம் முடிந்து நாலைந்து நாள் ஆகிவிட்டது. ஜீப்பை அதே காட்சிமுனைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் தள்ளிப் போட்டேன்.

மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். பல் கழலவில்லை. மூடி ஒன்று ஒட்டியிருந்தது, கைக்குட்டையால் ஒற்றி எடுத்தேன். தீபா வாசலிலிருந்து நடந்து வந்தாள், அக்கா அவள் பக்கத்தில். தாலாட்டைத் தொடங்கினேன். முதல் இரண்டு வரிசையில் நம் ஊர்ச்சனம், தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். முதல் வரி நன்றாகப் போனது. தோளை இறக்கிக்கொண்டேன். வளைவு வந்தது.

அந்த நேரத்தில் நான் ஏன் அவர்களைப் பார்த்தேன் என்று தெரியவில்லை. முன் வரிசையில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாகத் தோளைச் சுருக்கினார்கள். ஒரு அம்மா கையைக் காதுப் பக்கம் கொண்டுபோனது. எல்லார் உதட்டிலும் சிரிப்பு வருவதற்குத் தயாராக நின்றது. தீபா முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விரலெல்லாம் ஒன்றாக விழுந்தது. சுரம் சுத்தமாக மேலே போனது.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து கைதட்டினார்கள். நம் ஆட்கள் தட்டவில்லை. காதுக்குப் போன கை மெதுவாகக் கீழே இறங்கியது. அக்கா தலையைக் குனிந்துகொண்டது. தீபா இன்னும் அந்தப் படியிலேயே நின்று என்னைப் பார்த்தாள், புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமல் இருப்பாளே, அந்தப் பார்வை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, மச்சான். அத்தனை பேரும் உங்களுக்காகக் காத்திருந்தார்கள். அந்த இடத்தில் நீங்கள் வருவீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதமாக நான் ராவும் பகலும் பாடுபட்டு உங்களை அங்கிருந்து துடைத்து எடுத்திருக்கிறேன்.

தாலாட்டு இரண்டாம் தடவை திரும்பும், அந்த இடம் மறுபடி வரும். வரட்டும் என்று முடிவு செய்தேன். மாஸ்டர் வேண்டாமென்று சொன்னதையெல்லாம் செய்தேன். கன்னத்தை உப்பினேன். பல்லால் கடித்தேன், கட்டிய பல் போனாலும் போகட்டும் என்று கடித்தேன். தோளைக் காதுவரைக்கும் ஏற்றினேன். கத்து, ஒரு தடவை கத்து என்று மனசுக்குள் கெஞ்சினேன். உள்ளதைச் சொன்னால், முதல் தடவையைவிட இன்னும் நன்றாக வந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துத் தீபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

பந்தியில் நான் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நொம்ப நல்லா ஊதுனீங்க மாமா."

"இல்ல கண்ணு."

"நெசமாத்தானுங்க. எனக்குத்தான், அந்த எடத்துல அப்பா வந்துருவாருன்னு இருந்துச்சு."

மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். நான் அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன். வேறென்ன செய்வது?

இப்போது இங்கே உட்கார்ந்து ஊதிப் பார்த்தேன். சுத்தமாகத்தான் வருகிறது. அது என் விரலில் ஏறிவிட்டது, இனி இறங்காது. சரி, உங்கள் கீச்சு எப்படி இருக்கும் என்று காதுக்குள் நினைத்துப் பார்க்கலாம் என்றால், என்னுடைய சுரம்தான் முன்னால் வந்து நிற்கிறது. இத்தனை நாள் அந்தச் சத்தம் வந்துவிடுமோ என்று பயந்தவன், இப்போது அது காதைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி, லீவே கிடைக்காத உத்தியோகம்.

தீபாவும் மாப்பிள்ளையும் வெள்ளிக்கிழமை மறுவீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் வாசலுக்கு வரும்போது ஷெட்டிலிருந்து ஊதுவதாக அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். உடைந்த மூலையோடு உங்கள் ரீடு என்னிடம்தானே இருக்கிறது. அதை மாட்டினால் கத்தும், கத்தாமல் என்ன செய்யும் என்று மாஸ்டரே சொன்னார். இப்போதே ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிடலாம் என்றுதான் வந்தேன். தைரியம் வரவில்லை. காய்ந்து கிடக்கிறது, மவுத்பீஸில் வைத்துப் பிடிப்பைத் திருகும்போது மிச்ச முனையும் போய்விட்டால்? அதனால் மாட்டவில்லை. வெள்ளிக்கிழமை ஒரே தடவை.

அதுவரைக்கும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன். வளைவு வந்தால் ஹாரன் அடிக்கிறேன். அடித்துவிட்டு, உடையாமல் இருக்கிறதா என்று ஒரு கையால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். வளைவில் ஒரு கையால் ஸ்டியரிங் பிடிக்கிற ஆளா நான்? நீங்கள் பக்கத்து சீட்டில் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள்.